பிளர் தம்பி

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் புதுக்குடியிருப்பைத் தாண்டி, வட்டுவாகல் பாலம் வருவதற்குள் ஒரு தம்பியைக் கட்டாயம் காண்பீர்கள். மோட்டார் சைக்கிளை வேலியோரம் விட்டுவிட்டு, ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, போனை நெடுக்காகப் பிடித்தபடி இருப்பார். எதிரே சினேகிதன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வானத்தில் ஒன்றுமில்லை. அப்படிப் பார்த்தால்தான் படம் அள்ளுமாம். ஊரில் இவருக்குப் பெயர் பிளர் தம்பி. முள்ளிவாய்க்கால் கிழக்கில் ஒருவர், மேற்கில் ஒருவர் என்று எண்ண வேண்டாம். ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிறார்.

தம்பியின் கொள்கை சுருக்கமானது: முகம் ஒன்றுதான் தெளிவாக இருக்கவேண்டும், மற்றதெல்லாம் கரையவேண்டும். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் இந்து சமுத்திரம் உள்ள ஊரில் பிறந்தவர், இரண்டையும் ஒரே நீலப் புகையாக்கிவிடுவார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அத்தனை சனத்துக்குள்ளும் நின்று எடுத்து வருவார், தாய் வாங்கிப் பார்த்துவிட்டு, "கோயில் எங்கயடா?" என்பார்.

கேட்டால் பாடமே எடுப்பார். பெரிய கமராவில் இந்த வேலையை வாய் அகன்ற லென்ஸே செய்துவிடும். போனுக்குள் இருப்பதோ நகம் அளவுகூட இல்லாத சென்சர்; அதில் கிட்ட உள்ளதும் தூர உள்ளதும் சேர்ந்தே தெளிவாக விழும். ஆகவே எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்று போன் கணக்குப் போட்டு, பின்னுக்குள்ளதைத் தானே அழித்துப் பூசுகிறது. 2016 இல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ் வைத்துச் செய்தது. அடுத்த வருடமே கூகுளின் பிக்சல் 2 ஒற்றை லென்ஸோடு செய்து காட்டியது.

கணக்கு என்றால் பிழைக்கும் அல்லவா? கரைவலைக்காரர் ஒருவரை வலையும் தோளுமாக நிறுத்தி எடுத்தார் தம்பி. வலைக் கண்ணுக்குள்ளால் தெரிகிற கடல் முன்னுக்கா பின்னுக்கா என்று போனுக்குக் குழப்பம். கடைசியில் பாதி வலையை விழுங்கிவிட்டது. கூடவே அவருடைய இடது காதையும். "காது போனாலும் பறவாயில்லை, வலை புதுசு தம்பி" என்றார் மனிசன்.

முந்திய ஸ்ரூடியோக்காரர் இல்லாத மலையையும் மாடிப்படியையும் சீலையில் வரைந்து பின்னால் தொங்கவிட்டார்கள். 2009 இல் சண்டை முடிந்தபின் தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், 2006 டிசம்பரில் அரிசி மூட்டைகளோடு இந்தக் கரையில் தட்டிய ஃபாரா 3 கப்பலைத் தேடிப்பிடித்து, அதற்கு முன்னால் நின்று எடுத்தார்கள். அவர்களுக்கெல்லாம் பின்னால் ஏதாவது வேண்டியிருந்தது. தம்பி ஒருவருக்குத்தான் உள்ளதும் வேண்டாம்.

பக்கத்து ஆச்சியை முற்றத்தில் இருத்தி எடுத்த அன்றுதான் வழக்கு வந்தது.

"ஆச்சி, கொஞ்சம் சிரியுங்கோ."

"பல்லு இல்லையடா மோனை."

"பறவாயில்லை, அதையும் பிளர் பண்ணலாம்."

படத்தைக் காட்டினார். ஆச்சி போனைக் கிட்டவும் எட்டவும் பிடித்துப் பார்த்தார்.

"மூஞ்சி கிடக்கட்டும். என்ர வீடு எங்க?"

"அது பின்னுக்கு ஆச்சி. கரைச்சாச்சு."

"கரைச்சாச்சோ! இந்தியா வீட்டுத்திட்டத்தில தந்தது அஞ்சரை இலட்சம். காணாததுக்குத் தோடும் காப்பும் அடைவு வைச்சுக் கட்டின வீடு. ஒரு நிமிசத்தில கரைச்சுப்போட்டியே!"

ஆச்சி சொன்னதில் நியாயம் இருக்கிறது. கனடாவில் இருக்கிற மகன் அவருடைய முகத்தைக் கிழமைதோறும் வட்ஸ்அப்பில் பார்க்கிறார். மகன் காணாதது யன்னலுக்குப் போட்ட கம்பியும், சீமெந்து பூசாத குசினிச் சுவரும், குலை தள்ளிய தென்னையும்தான். 2009 இல் கையில் அகப்பட்டதோடு வெளியேறி, திரும்பி வந்தபோது சாய்ந்து நிற்க ஒரு சுவரும் இல்லாத சனம் இது. இப்போதுதான் வீடு, கிணறு, வேலி என்று பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்கிறது. சேர்கிற நேரம் பார்த்து அழிக்கிற போன் வந்திருக்கிறது.

தம்பியைக் கெட்ட பிள்ளை என்று சொல்லமாட்டேன். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 அன்று அவருடைய போன் சட்டைப்பையை விட்டு வெளியே வராது. அன்று கஞ்சி கிண்டுகிற இடத்தில் விறகு தூக்குகிறவர் அவர்தான். எதைக் கரைக்கக் கூடாது என்று தெரியாதவர் இல்லை. மற்ற நாட்களில் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

ஆகவே ஒழுங்கைகள் தோறும் உள்ள தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். பிளரைக் கூட்டிக் குறைக்கத் திரையில் ஒரு கோடு இருக்கிறது. பல போன்களில் படம் எடுத்த பிறகும் அதை இழுக்கலாம். உங்கள் முகத்துக்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் பூசுங்கோ. ஆச்சிமாரை எடுக்கும்போது மட்டும் அந்தக் கோட்டைக் கடைசி மட்டும் குறைத்துவிட்டு எடுங்கோ. வீடு முழுதாக விழவேண்டும்; தோடும் காப்பும் இன்னும் அடைவில்தான் இருக்கின்றன.