நாய் வளர்க்காதவர்

இந்தியச் சட்டம் நாய்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2001-இல் இயற்றப்பட்டு 2023-இல் புதிதாக எழுதப்பட்ட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, ஒருவருக்கு உரியதாய் அவர் வீட்டில் வளர்வது வளர்ப்பு நாய். யாருக்கும் உரிமையின்றித் தெருவில் திரிவது முன்பு தெருநாய் என்றும் இப்போது சமூக விலங்கு என்றும் பெயர் பெறுகிறது. இவ்விதிகளை வகுத்தவர்கள் ஸ்ரீரங்கத்துத் திண்ணையைக் கண்டிருக்க நியாயமில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் இத்தீவில், அடுக்குமாடிகளுக்கு இடம் கொடுக்காமல் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் அடையவளைந்தானிலும் தப்பிப் பிழைத்திருக்கும் பழைய வீடுகளின் வாசலில், தெருவைப் பார்த்த மேடையாக அமைந்த திண்ணை, பத்திரப்படி வீட்டுக்காரருக்கும் வழக்கப்படி வழிப்போக்கருக்கும் சொந்தமானது. அதன்மேல் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருக்கும் நாய் எவ்வகையைச் சேரும் என்பதற்கு விதிகளில் விடையில்லை. அந்நாயின் தலைமாட்டில் செய்தித்தாளுடன் அமர்ந்து, தமக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று நாள்தோறும் வாதாடிக்கொண்டிருக்கும் மனிதரே இங்கு ஆராயப்படுபவர். வேறு பெயர் அமையாத நிலையில் அவரை ‘நாய் வளர்க்காதவர்’ என்று குறிக்கலாம்.

இவ்வகையினர் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்; திருவெறும்பூர் பாய்லர் ஆலையிலோ, பொன்மலை ரயில்வே பணிமனையிலோ, ஏதேனும் ஒரு வங்கியிலோ வருகைப் பதிவேட்டில் ஒரு நாளும் தாமதக் குறி விழாமல் காலம் தள்ளியவர்கள்; வேலையில் இருந்தவரை நாயைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தவர்கள். இவர்களை அடையாளம் காட்டுவது மஞ்சள் பையில் இருக்கும் பொறையாகும். பொறை என்பது தேநீர்க் கடைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைபட்டிருக்கும், மனிதர் நனைத்தும் நாய்கள் நனைக்காமலும் தின்னுகிற, காய்ந்த ரொட்டி வகை. எதிர்வீட்டுக்காரர், “ஏன் ஓய், இது உம்ம நாயா?” என்று கேட்கும்போதெல்லாம் இவரிடமிருந்து ஒரே விடை வருகிறது: “நம்மாத்து நாய் இல்லே, ஓய். எங்கேந்தோ வந்தது, படுத்துண்டிருக்கு. தூங்கறதை எழுப்புவானேன்?” எங்கிருந்தோ வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். இவ்விடையைச் சொல்லும்போதே இவருடைய இடக்கை நாயின் காதுமடலைப் புரட்டி, இரத்தம் குடித்து மிளகளவு பருத்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டிருக்கும். உண்ணி கடித்தால் நாய்க்கு இரத்த அணுக்களைத் தாக்கும் காய்ச்சல் வரும் என்பதை இவர் எதிர்வீட்டுக்காரருக்கு விளக்கவும் செய்வார். அந்நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி இவருக்கு மனப்பாடம்; தம் இரத்த அழுத்த மாத்திரையின் பெயரை மட்டும் மனைவியிடம் கேட்டுக்கொள்வார்.

உறவு தொடங்கும் காலம் பெரும்பாலும் மார்கழி. பெண் நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள் ஆதலால், புரட்டாசி, ஐப்பசியில் தெருமுனையில் நடந்த கூத்தின் விளைவுகள் மார்கழிப் பனியில் வந்து சேர்கின்றன. அதே காலத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் பகல்பத்தும் இராப்பத்தும், அதாவது வைகுண்ட ஏகாதசிக்கு முன்பு பத்து நாள் பகலிலும் அன்று முதல் பத்து நாள் இரவிலும் ஆழ்வார்களின் பாசுரங்கள் ஓதப்படும் பெருவிழாவும் நடந்து, வீதிகளில் நிற்க இடமின்றிக் கூட்டம் நெரிகிறது. விடியற்காலையில் காதில் மஃப்ளர் சுற்றிச் சேவைக்குப் புறப்பட்ட இவர், வெளியூர்ப் பேருந்தின் அடியிலிருந்து தாயைத் தொலைத்த குட்டியொன்றின் முனகலைக் கேட்டு, கூட்டம் கலையும்வரை மட்டும் இருக்கட்டும் என்று திண்ணையில் ஒரு சாக்கை விரித்ததுதான் தொடக்கம். விழா முடிந்தது, கூட்டம் கலைந்தது, சாக்கு மட்டும் மடிக்கப்படவில்லை.

பெயர் வைத்தால் உரிமை ஏற்பட்டுவிடும் என்னும் சட்ட நுணுக்கத்தை உணர்ந்தவராதலால் இவர் குட்டிக்குப் பெயர் வைப்பதில்லை. மகனை ‘நாராயணா’ என்று கூப்பிட்ட ஒரே காரணத்தால் அஜாமிளன் கரையேறிய கதையை எண்ணிப் பெருமாள் திருநாமம் ஒன்றைச் சூட்டும் ஆசை ஒருகணம் எழுந்ததுண்டு. ஆனால் “கேசவா, செருப்பைக் கீழே போடு” என்று வாசலில் நின்று அதட்டினால் பக்கத்து வீட்டுக் கேசவன் என்ன நினைப்பார் என்ற தயக்கத்தில் அது கைவிடப்பட்டது. முடிவில் ‘டேய்’ என்னும் விளியே நிலைத்தது. அது பெண் குட்டி என்பது தெரியவந்த பிறகும் மாறவில்லை.

வீட்டுக்குள் நாய் நுழைந்த வரலாறு தனி ஆய்வுக்கு உரியது. பெரிய கோயிலில் சேவார்த்தி ஒவ்வொரு கோபுரமாகக் கடந்து உட்சுற்றுகளை அடைவது போலவே நாயும் திண்ணை, ரேழி, கூடம் என்று முறை பிறழாமல் முன்னேறியது. ஆனால் அது தரிசனத்துக்குக் கட்டணம் செலுத்தவில்லை. வாசற்படிக்கும் கூடத்துக்கும் இடைப்பட்ட நடையாகிய ரேழி, ஐப்பசி அடைமழையில் திண்ணை நனைந்தபோது கிடைத்தது. கூடம் தீபாவளியன்று கிடைத்தது. மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வோடு நின்றுவிட, நாயின் செவி அதைப்போல் இரு மடங்குக்கு மேலும் கேட்பது. சரவெடி ஒன்று முழுதாக வெடித்து முடிவதற்குள் ‘டேய்’ ஊஞ்சலுக்கு அடியில் புகுந்து நடுங்கத் தொடங்கியது. வெடிச் சத்தம் மூன்று நாளில் ஓய்ந்துவிட்டது. ஊஞ்சலடி உரிமை மட்டும் ஓயவில்லை.

இந்த முன்னேற்றத்துக்கு முறையான எதிர்ப்பைத் தெரிவித்தவர் இவருடைய மனைவியாகிய மாமி. காரணம் மடி. மடி என்பது குளித்து, பிறர் தொடாமல் கொடியில் உலர்த்திய துணியை உடுத்தி, தளிகை, அதாவது சமையல், முடியும்வரை எதன்மேலும் படாமல் காக்கும் தூய்மை நெறி. “அது வால் பட்டுடுத்துன்னா நான் மறுபடியும் ஸ்நானம் பண்ணணும், தெரியுமோல்லியோ?” என்பது அவருடைய எச்சரிக்கை. வாலைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் நாய்க்கும் இல்லை, நாய் வளர்க்காதவருக்கும் இல்லை. ஆகவே கூடத்துக்கும் தளிகை உள்ளுக்கும் இடையே சாக்பீஸால் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. நாய் அதை ஒருமுறையும் தாண்டவில்லை என்று மாமியே பெருமையோடு சொல்வார். இரவு பத்து மணிக்கு மேல், மீந்த ததியோன்னமாகிய தயிர்ச்சாதத்தோடு கோட்டைத் தாண்டி வருபவர் மாமிதான் என்பது வேறு செய்தி.

உணவு விஷயத்தில் இவ்வீடுகள் நாய்க்கு எதிர்பாராத பாதுகாப்பை அளிக்கின்றன. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும் பொருள்கள். ஸ்ரீரங்கத்து ஆசாரமான அடுப்பங்கரையிலோ இவ்விரண்டுக்கும் தலைமுறை தலைமுறையாக அனுமதியில்லை. ஆபத்து வேறு வழியில் வருகிறது. திராட்சை, குறிப்பாக உலர்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. எனவே மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லிக்கு நெய் வழிய வடிக்கும் அக்காரவடிசலில் இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திராட்சைகளைப் பொறுக்கி எடுத்த பிறகே நாய்க்குக் கொஞ்சம் நகர்கிறது. அசைவம் இல்லாத வீட்டில் நாய் எப்படி வாழும் என்று கேட்பவர்களுக்கு இவர் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த சுவீடன் ஆய்வாளர்களின் கட்டுரையை மேற்கோள் காட்டுவார். ஓநாயிலிருந்து பிரிந்து மனிதரோடு வாழத் தலைப்பட்ட நாய், மாவுப்பொருளைச் செரிக்கும் மரபணுவைப் பன்மடங்காகப் பெருக்கிக்கொண்டது என்பது அதன் சாரம். கட்டுரை ததியோன்னத்தைப் பற்றிப் பேசவில்லை என்றாலும் முடிவு தமக்குச் சாதகமானதே என்பது இவர் துணிபு. ஆயினும் மாவுப்பொருள் மட்டும் போதாது, புரதமும் வேண்டும் என்று கால்நடை மருத்துவர் கண்டித்துச் சொன்ன நாள் முதல், தெருமுனைத் தேநீர்க் கடையில் வேகவைத்து உரித்த ஒரு பொருள் வாழையிலைத் துணுக்கில் சுற்றி நாள்தோறும் கொல்லைப்புறக் கதவு வழியே வருகிறது. வீட்டில் அதற்கு ‘வெள்ளை மாத்திரை’ என்று பெயர். மாத்திரை எதனால் ஆனது என்று மாமி கேட்டதில்லை.

நாய் வளர்க்காதவரின் உண்மை நிறம் வெளிப்படுவது மாநகராட்சி வண்டி வரும் நாளில்தான். விதிகளின்படி தெருநாயைப் பிடித்துச் சென்று கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மயக்கத்தில் இருக்கும்போதே அடையாளமாகக் காதின் ஓரத்தைச் சிறிது வெட்டி, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். இடம் மாற்றி விடுவது நாய்க்கு நாடு கடத்தலே. சித்திரை வீதி நாய் உத்திர வீதியில் கால் வைத்தால் அவ்வீதி நாய்கள் விசாரணையின்றித் தண்டனை வழங்கிவிடும். இதையறிந்த இவர், வண்டி புறப்பட்ட மறுகணம் தம் மொபெட்டில் ஏறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, உறையூர்ப் பக்கத்துக் கோணக்கரை கருத்தடை மையம்வரை பின்தொடர்கிறார். “உங்க நாயா, சாமி?” என்று ஊழியர் கேட்கிறார். “இல்லேப்பா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்” என்கிறார். அடுத்த சில நாளும் சும்மாவே அந்தப் பக்கம் போகிறார். காது வெட்டுண்டு நாய் திரும்பிய அன்று, பேரனின் காதுகுத்துக்குக்கூட அவ்வளவு கவலைப்பட்டதில்லை என்று மாமி குறைப்பட்டுக்கொண்டதாகத் தெருவில் பேச்சு.

இவருக்கு எதிர்க்கட்சியும் உண்டு; அக்கட்சி சொல்வதில் நியாயமும் உண்டு. விடிகாலையில் அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்து போகும் முதியவரையும், இரவுப் பணி முடிந்து இருசக்கர வண்டியில் வருபவரையும் துரத்தும் நாய்க்கூட்டம் கற்பனையன்று. வெறிநோய்க் கிருமி எச்சில் வழியே புகுந்து, நரம்பு வழியே மூளையை அடைந்து, அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே தடுப்பூசியைத் தொடங்குவதே வழி. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பழைய தலைமுறை அஞ்சிய முறை ஒழிந்து, கையில் சில தவணைகளாகப் போடும் முறை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பொறையை வீசிவிட்டுப் புண்ணியம் சேர்த்ததாகக் கருதி நடையைக் கட்டுபவரை இங்கு ஆராயப்படுபவரோடு ஒன்றாக வைக்கலாகாது. ஊசி போடாமல் சோறு மட்டும் போடுபவர் தெருவுக்குச் செய்வது உபகாரமாகாது.

2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும், உணவளிப்பதற்கு வார்டுதோறும் இடம் ஒதுக்க வேண்டும், தெருவில் கண்ட இடத்தில் அளிக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. எதிர்வீட்டுக்காரர் அச்செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நாய் வளர்க்காதவர் அதை இருமுறை படித்தபின், தாம் உணவளிப்பது தெருவில் அன்று, திண்ணையில் என்று சுட்டிக்காட்டினார். “அப்போ திண்ணை உம்ம ஆம்; ஆத்துல இருக்கற நாய் உம்ம நாய்” என்றார் எதிர்வீட்டுக்காரர். “திண்ணை பொதுன்னா ஓய்” என்று விடை வந்தது. வழக்கு அன்றிலிருந்து மாலைதோறும் அதே திண்ணையில் ஒத்திவைக்கப்பட்டு வருகிறது. வாதி, பிரதிவாதி இருவரின் காலடியிலும் மாறி மாறிப் படுத்துக்கொள்வது வழக்கின் பொருளாகிய நாயே.

ஆவணங்களிலும் இவர் பிடிகொடுப்பதில்லை. தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் மாமியின் பெயரை எழுதிவிடுகிறார். நாயின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று கேட்டதால் ‘டேய்’ என்றே எழுத, காத்திருப்போர் கூடத்தில் உதவியாளர் அதை உரக்கப் படித்தபோது மூன்று ஆடவர் கோபத்தோடு திரும்பிப் பார்த்தனர். நாயின் பின்னங்காலை ஆட்டோ ஏற்றிவிட்ட சமயத்தில், திருச்சியில் ஆகாது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லப்பட்டது. வாடகைக் கார் பேசிப் புறப்பட்ட இவர், தெருவில் விசாரித்தவர்களிடம் பதினெட்டு அடி உயர நாமக்கல் ஆஞ்சநேயரைச் சேவிக்கப் போவதாகச் சொன்னார். திரும்பும்போது வடைமாலைப் பிரசாதமும் வாங்கி வந்தார் என்பதால் இதைப் பொய்யென்று தள்ள முடியாது.

பத்திரகிரியார் அரசைத் துறந்து திருவிடைமருதூரில் மேலைக் கோபுர வாசலில் இருந்தபோது, பிச்சையெடுக்க ஒரு சட்டியும் கூடவே ஒரு நாயும் வைத்திருந்தமையால், கீழை வாசலில் இருந்த பட்டினத்தார் அவரைக் குடும்பி என்று சுட்டினார் என்பது மரபுக்கதை. சட்டியும் நாயும் போன பிறகே அவருக்குத் துறவு கூடிற்று. நாய் வளர்க்காதவர் இக்கதையை உபன்யாசங்களில் பலமுறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நாய் சாகும் இடம் வருவதற்குள் எழுந்து வந்துவிடுகிறார். ஓய்வு பெற்றதும் கயை, பத்ரி என்று கிளம்பத் திட்டமிட்டிருந்தவர், இப்போது திருவானைக்காவலுக்கு அப்பால் ஓர் இரவு தங்குவதில்லை. நியூஜெர்சியில் இருக்கும் மகள் ஆண்டுதோறும் டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்க, ஆண்டுதோறும் முழங்கால் வலி வந்துவிடுகிறது. விமானத்தில் ஏற விடாத அம்முழங்கால், மாநகராட்சி வண்டியைத் துரத்தும்போது மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொள்கிறது.

அண்மையில் பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன், தந்தையின் சதாபிஷேகத்துக்கு, அதாவது எண்பது நிறைவு விழாவுக்கு, ஒரு லாப்ரடார் குட்டியைப் பரிசாகக் கொண்டு வருவதாகத் தொலைபேசியில் சொன்னான். குளிர்நாட்டு இனம் திருச்சி வெயிலுக்கு ஆகாது. பாதங்களைத் தவிர வேறெங்கும் வியர்க்காத பிராணி, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். வேண்டுமானால் இந்திய அஞ்சல் துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த ராஜபாளையத்தை எண்ணிப் பார்க்கலாம். அதுவும் கட்டிப்போட்டால் நோகும் வேட்டை இனம். நாட்டு நாய்க்கு நிகராக நோய் தாங்கும் உடம்பு எதற்கும் வாய்ப்பதில்லை என்று இவர் மூச்சுவிடாமல் அரைமணி நேரம் விளக்கினார். இவ்வளவு ஆசை வைத்திருக்கும் அப்பாவுக்கு ஒரு நாய் வாங்கித் தராமல் இருப்பது எப்படி என்று மகன் கேட்டதுதான் பிழையாயிற்று.

“யாருக்குடா ஆசை? நம்மாத்துல நாய் வளர்க்கற வழக்கமே கிடையாது” என்று அதட்டிவிட்டு, மடியில் இருந்த தலை விழித்துக்கொள்ளாதவாறு மெல்ல நகர்ந்து, தொலைபேசியை மாமியிடம் நீட்டினார்.