கொல்லை அடைப்பில் அரணைகள் கூடி வாழ்தல்: ஒரு கிடப்பியல் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஆஸ்திரேலியாவில் அரணை வளர்ப்போர் கொல்லையில் தகரம் அடித்து, மண் கொட்டி, கல்லும் கட்டையும் போட்டு ஓர் அடைப்பு எழுப்புவர். அதில் ஒற்றை அரணையை விட அவர்களுக்கு மனம் ஒப்பாது. ‘பாவம், தனியா இருக்கே’ என்று இன்னொன்றையும் கொண்டுவந்து விடுவர். அதன்பின் பாவம் யார் என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

ஆய்வெல்லை

நான்கு சுவர்கள். அவை வழுவழுப்பாக இருப்பதும், அடிப்பகுதி மண்ணுக்குள் ஆழப் புதைந்திருப்பதும் இன்றியமையாதன. இல்லையேல் ஆய்வுப்பொருள் ஆய்வெல்லையைக் கடந்துவிடும். கூக்கபராப் பறவை, காகம், பூனை முதலிய புறத்தேர்வாளர்களைத் தவிர்க்க மேலே கம்பிவலை வேண்டும் (பூனை, மதில் மேலிருந்து அளித்த நேர்காணல்).

வகைப்பாடு

அ. நீலநாக்கு அரணை: தனிமை விரும்பி, இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் விரலும் வாலும் மிஞ்சுவது நிச்சயமில்லை.

ஆ. கன்னிங்காம் அரணை: பாறை இடுக்கில் கூட்டுக்குடும்பம். இது எகெர்னியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. 2008இல் அப்பேரினத்தை ஆய்வாளர்கள் நான்காகப் பிரித்ததில், இதன் பெரியப்பா சித்தப்பா மக்கள் பலர் வேற்றுப் பேரினத்தார் ஆயினர். பாகப்பிரிவினை கேட்டு அரணைகள் மனுக் கொடுத்ததற்குச் சான்றில்லை.

இ. பெரும் பாலைவன அரணை: குடும்பமாக வளை தோண்டி, வளைக்கு வெளியே பொதுக் கழிப்பிடம் வைத்துக்கொள்ளும். அரிய இனமாதலால் கொல்லைக்கு வாராது. வந்தால் கொல்லையின் மதிப்பு உயரும்.

ஈ. கட்டைவால் அரணை: தலை எது, வால் எது என்று எதிரிக்கு விளங்காத உடல். ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் புல் 1982 முதல் தெற்கு ஆஸ்திரேலியாவில் இவற்றைப் பின்தொடர்ந்தார். ஆண்டின் பெரும்பகுதியைத் தனித்தனியே கழித்துவிட்டு, வசந்தம் வந்ததும் அதே ஆணும் அதே பெண்ணும் தேடி வந்து சேர்கின்றன. சில இணைகள் 20 ஆண்டுகளுக்கும் மேலாக இப்படிச் சேர்ந்துள்ளன. கடிக்க வந்த அரணை பாதி வழியில் மறந்து திரும்பும் என்று சொல்லி, மறதிக்காரரை ‘அரணை புத்தி’ என்று ஏசுவது நம் மரபு. இவ்வழக்கை உடனே திரும்பப் பெற வேண்டும். குறைந்தது, திருமண நாளை மறந்த கணவர்களுக்கு இனி இதைப் பயன்படுத்தலாகாது.

குவியல் கோட்பாடு

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். அடைப்பில் பத்துக் கற்கள் இருந்தாலும் காலை வெயில் முதலில் விழுவது ஒரு கல்லில்தான். அத்தனை அரணைகளும் அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். ஏன்?

அன்புப் பள்ளியார், ‘கட்டிப்பிடித்துத் தூங்குகின்றன’ என்பர். வெப்பப் பள்ளியார் அதை மறுத்து, அரணைக்கு வெயில்தான் அடுப்பு, உடல் 30 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால்தான் உண்டது ஒழுங்காகச் செரிக்கும், எனவே இது கட்டிப்பிடித்தல் அன்று, இடம்பிடித்தல் என்பர். நடுநிலைப் பள்ளியார் இரு சாராரையும் வணங்கி மதிய உணவுக்குச் சென்றனர்.

கிடப்பு மூவகைப்படும்: மேற்கிடப்பு, கீழ்க்கிடப்பு, குறுக்குக்கிடப்பு. குறுக்குக்கிடப்பு, மற்ற இரண்டும் உறங்கும்போது நிகழ்வது. கீழ்க்கிடப்பில் வெயில் இல்லை, பாரம் உண்டு (கீழ்க்கிடந்த அரணை, வாய்மொழித் தகவல், பெயர் வெளியிட விரும்பவில்லை). இதற்கு மறுப்பும் உண்டு (மேற்கிடந்த அரணை, ‘நட்பே எம் நெறி’, முந்தைய அரணையின் முதுகிலிருந்து வெளியிடப்பட்டது, திருத்திய பதிப்பு, நண்பகல், குறுக்குக்கிடந்த அரணையின் அணிந்துரையுடன், அணிந்துரையாளர் நூலைப் படிக்கவில்லை).

கீழே கிடப்பது தாங்க, மேலே கிடப்பது வெயில் முழுவதையும் பெற, வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இருவரும் கூட்டாய்வாளர்களாகத் தோன்றும் இவ்வமைப்புக்கு, நெறியாளர்–மாணவர் உறவில் முன்மாதிரி உண்டு என்பது ஒரு கருதுகோள். சான்றளிக்க முன்வந்த மாணவர் ஒருவர், பட்டம் கைக்கு வரும்வரை பொறுக்குமாறு கேட்டுக்கொண்டதால் இப்பகுதி கிடப்பில் போடப்படுகிறது.

பரிந்துரைகள்

தலைக்கொரு வெயில்கல், தலைக்கொரு மறைவிடம், தலைக்கொரு தீனித்தட்டு. நத்தைக்கு வைக்கும் நச்சு மருந்து கொல்லையில் கூடவே கூடாது. நத்தை தின்னும் அரணையும் சேர்ந்து போகும். நீலநாக்கு தனியே இருக்கட்டும். அதற்காக வருந்துவது வளர்ப்பவர் மட்டுமே. வெயில்படும் கற்களைக் கூட்டினால் குவியல் தளரும். அன்பும் அந்த அளவுக்குத் தளரும்.

இதே முடிவைப் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் ஒற்றைத் தலைமை நாற்காலிக்கும் பொருத்திப் பார்க்கலாம். அதற்குத் தனி நிதி வேண்டும். நிதிக்குழுவில் நாற்காலியில் இருப்பவரே உறுப்பினர்.