ஆட்டமுறைக்கு ஒத்து வருவாரா?

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி லிவர்பூல், அலெக்சாண்டர் ஈசாக்கை நியூகாசிலிடமிருந்து 12.5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. நம் காசில் ஆயிரத்து நானூறு கோடிக்கு மேல். பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட்டின் ஆட்டமுறைக்கு அவர் ஒத்து வருவாரா என்று லிவர்பூலில் எவ்வளவு கவலைப்பட்டார்களோ, பெங்களூரு ஈஜிபுராவில் அதைவிட ஒரு பிடி கூடுதலாகவே கவலைப்பட்டார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, டீக்கடை வாசலில் நின்று கவலைப்பட்டார்கள்.

“மச்சா, அவன் லெஃப்ட்ல ஒதுங்கி ஆடுற ஆளு. அங்க ஏற்கெனவே ஆளு இருக்கு. பிரஸ்ஸும் பண்ண மாட்டான். செட்டே ஆகாது.”

“ஏன் ஆகாது? ஸ்லாட் சிஸ்டத்தையே மாத்துவான் பாரு.”

இந்த விவாதம் நடந்த இடத்துக்கு மேலே ஒரு மேம்பாலம் இருந்திருக்க வேண்டும். இரண்டரை கிலோமீட்டர். 2017-இல் தொடங்கி 2019-இல் முடிந்திருக்க வேண்டியது. வேலை நகரவில்லை என்று 2022-இல் பழைய ஒப்பந்தக்காரரை நீக்கினார்கள். 2023-இல் புதியவர் வந்தார். 2025 முடிந்தும் பாலம் முடியவில்லை. எந்தக் கிளப்பும் ஒரு வீரனை இத்தனை ஆண்டு பெஞ்சில் உட்கார வைத்துச் சோறு போடாது. இந்த ஆள் இந்த வேலைக்கு ஒத்து வருவாரா என்று டெண்டர் பிரித்த அன்று மாநகராட்சியில் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அந்தப் பதிலையும் தூணோடு சேர்த்துக் கான்கிரீட்டில் புதைத்திருப்பார்கள்.

டீக்கடைக்காரர்களைப் பரிகாசம் செய்வது சுலபம். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வியில் தப்பே இல்லை. காசைக் கொட்டுமுன் ஆள் பொருந்துவானா என்று பார்ப்பதுதான் கால்பந்தின் பாதி. அதைக் கேட்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த நாட்டில் எப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அதே ஆண்டு ஜூலையில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தேசிய அணிக்குப் பயிற்சியாளர் தேடியது. வந்தவை 170 விண்ணப்பங்கள். அதில் ஒன்று ஷாவியுடையது. ஆமாம், ஸ்பெயினுக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்த அதே ஷாவி, பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளர், மின்னஞ்சலில் மனுப் போட்டுவிட்டு நம் பதிலுக்காகக் காத்திருக்கிறாராம். பட்டியலில் அவர் பெயர் இருப்பதைக் கூட்டமைப்பின் பெரிய தலையே பத்திரிகையிடம் உறுதி செய்தது. அவருக்குக் கொடுக்க அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்களாம். ஒரு ஃபோன் போடவில்லை, பேரம் பேசவில்லை, ஷாவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டது தரவரிசையில் 133-ஆம் இடத்திலிருந்த நாடு. என்ன ஒரு கெத்து!

பிறகு கூட்டமைப்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிக்கை விட்டது. ஷாவி பெயரில் வந்ததும், கூடவே குவார்டியோலா பெயரில் வந்ததும் உண்மையான மின்னஞ்சல்கள் அல்லவாம். கடைசியில், அதை அனுப்பியது நான்தான் என்று வேலூரில் படிக்கும் ஒரு பத்தொன்பது வயது மாணவர் சொன்னார். அந்த ஆண்டு இந்தியக் கால்பந்து பார்த்த மிகத் துல்லியமான பாஸ் அதுதான். ஒரே பந்து, மொத்த டிஃபென்ஸும் காலி. தேசிய அணியில் அந்தப் பையனைச் சேர்க்காமல் விட்டது மட்டும் ஏன் என்று புரியவில்லை.

சேர்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? அக்டோபரில் மட்காவில், சொந்த மண்ணில், சிங்கப்பூரிடம் 2-1 தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பைத் தொலைத்தோம். நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0. தரவரிசையில் 142-க்கு இறங்கினோம். நூற்று நாற்பது கோடிப் பேருக்குப் பதினோரு பேர்!

ஈஜிபுராவிலிருந்து ஒரு பஸ் ஏறினால் கந்தீரவா ஸ்டேடியம். 2018-19-இல் ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கிய பெங்களூரு எஃப்சியின் வீடு. ஐஎஸ்எல் நடக்குமா நடக்காதா என்றே தெரியாத நிலையில், 2025 ஆகஸ்டில் அந்தக் கிளப் தன் முதல் அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சம்பளமில்லாமல் ஆடுவது யாருடைய ஆட்டமுறைக்கு ஒத்து வரும்? இதை டீக்கடையில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்க ஈசாக் நியூகாசில் அணியோடு பயிற்சி செய்யாமல் முறுக்கிக்கொண்டிருந்தார். ஊருக்கே அந்த மனக்கஷ்டம்தான்.

ஆட்டக்காரனுக்குப் பஞ்சமான ஊரா இது? சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை 1948-இல் பிரான்ஸுக்கு எதிராக அடித்தவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். ஈஸ்ட் பெங்கால் பஞ்சபாண்டவர்கள் என்று கொண்டாடிய ஐந்து முன்களத்தாரில் அகமது கானும் தன்ராஜும் இந்த ஊரின் காலி இடங்களில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். கல்கத்தா கிளப்புகள் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அள்ளிக்கொண்டு போயின. இதே ஊரின் கௌதமபுரத்துக்காரர்கள் பெலேவுக்கே சிலை வைத்துவிட்டார்கள். உதைக்க ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது உதைக்க வேண்டுமென்றால் டர்ஃப். கோரமங்களா பக்கம் போனால் மாடிக்கு மாடி பச்சைப் பிளாஸ்டிக் விரித்து, வலை கட்டி, மணிக்கு ஆயிரத்துக்கு மேல் வாங்குகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவின் மகன் எத்தனை மணி ஆடுவான்?

அப்படிப்பட்ட பையன்கள் இருந்த இடமும் ஈஜிபுராவில்தான் இருந்தது. ஏழைகளுக்கென்று மாநகராட்சி கட்டிய குடியிருப்பு. கட்டிய லட்சணத்துக்கு 2007-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. குடிசை போட்டு அங்கேயே கிடந்தார்கள். 2013 ஜனவரியில் போலீசோடு புல்டோசர் வந்தது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு குடும்பங்கள், அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், பனியில் நடைபாதைக்கு வந்தன. பள்ளிக்கூடப் புத்தகங்கள் இடிபாட்டுக்குள் போயின. தனியாரோடு போட்ட ஒப்பந்தத்தின்படி அந்தச் சுமார் 15 ஏக்கரில் பாதி மாலுக்கு. இந்த ஊரில் வீட்டைத் துடைத்து, குப்பையை அள்ளி, ஸ்லாட்டைப் பற்றி விவாதிக்கும் ஐயாமாரின் காரைக் கழுவியவர்கள் ஊரின் ஆட்டமுறைக்கு ஒத்து வரவில்லையாம். எந்தக் குழு உட்கார்ந்து முடிவு செய்தது? எந்தப் பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டார்?

ஊருக்கு வெளியே சர்ஜாபுரா சாலைப் பக்கம் சூலிகுண்டேயில் வீடு தருகிறோம், போங்கள் என்றார்கள். பெரிய கிளப்புகளில் இதற்கு லோனில் அனுப்புவது என்று பெயர். அங்கே லோன் முடிந்தால் ஆள் திரும்பி வரலாம்.