இடமாற்ற வைத்தியம்

சுகாதார அமைச்சு,
சுவசிரிபாய, கொழும்பு 10.

மதிப்புக்குரிய அமைச்சுக்கு,

மருந்து இல்லை, மருந்து இல்லை என்று யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனம் சும்மா புலம்புது. டொலர் இல்லாத 2022இலும் கையிருப்பில் குறையாத மருந்து ஒன்று உங்களிடம் உண்டு: இடமாற்றம். அதற்கு நன்றி சொல்லத்தான் இக்கடிதம்.

விடியப்புறம் நம்பர் எடுத்து, வாங்கில் காத்திருந்து, மத்தியானம் டொக்டரின் முகம் கண்டால் குளிசை இல்லை. உடனே ஒரு துண்டு. வைத்தியம் இன்றும் இலவசம்தான். விலை மட்டும் எதிர்ப்பக்கப் பாமசிக்கு இடமாற்றம் பெற்றுவிட்டது. வருத்தம் கொஞ்சம் கடுமையென்றால் ஆளையே அம்புலன்சில் ஏற்றி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு. வட மாகாணம் முழுவதற்கும் போதனா வைத்தியசாலை அது ஒன்றுதானே.

சாவகச்சேரியில் இதே மருந்தைக் கூடிய டோசில் கொடுத்தீர்கள். 2024இல் ஆதார வைத்தியசாலையின் பதில் அத்தியட்சகராக வந்த டொக்டர் இராமநாதன் அர்ச்சுனா, உள்ளே நடப்பது இதுதான் என்று முகநூல் நேரலையில் கொட்டத் தொடங்கினார். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பது வேறு கதை, ஆறுதலாக விசாரித்திருக்கலாம். ஆனால் நோய் எதுவென்று நீங்கள் பிடித்த வேகம் இருக்கிறதே! டொக்டருக்கு இடமாற்றம். ஜூலை 8ஆம் திகதி அவருக்காகச் சனம் வைத்தியசாலை வாசலில் திரண்டது. நவம்பரில் யாழ்ப்பாண வாக்காளர் உங்களிடம் கற்ற வைத்தியத்தை உங்களுக்கே காட்டினார்கள்: அவரைப் பாராளுமன்றத்துக்கு இடமாற்றினார்கள்.

சொந்த வீட்டிலும் நீங்கள் பாரபட்சம் பார்ப்பதில்லை. தரமற்ற இமியூனோகுளோபுலின் மருந்து விவகாரம் நாறிக்கொண்டிருந்த 2023 ஒக்டோபரில், அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல சுகாதாரத்திலிருந்து சுற்றாடலுக்கு மாற்றப்பட்டார். நோயாளர் பட்டதை மரஞ்செடிகளும் கொஞ்சம் படட்டும் என்றாக்கும். அடுத்த பெப்ரவரியில் அவர் விளக்கமறியலுக்கு மாறியது உங்கள் கையெழுத்தில் அல்ல, அதை ஒப்புக்கொள்கிறேன்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையைச் சொல்லிக் காட்டுவீர்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து சேர்த்த காசில் எழும்பியது அது. கால் நொந்தது அவர்களுக்கு.

கடைசியாக என் விண்ணப்பம். எனது சீனி வருத்தம் குடாநாட்டில் நெடுங்காலமாகச் சேவையாற்றி வருகிறது. ஒருநாள் லீவு எடுத்ததில்லை. வருடாந்த இடமாற்றப் பட்டியலில் அதன் பெயரையும் சேர்த்து, சுவசிரிபாயவில் கடமையேற்க ஆவன செய்யவும். பதிலாள் வரும்வரை விடுவிக்க முடியாது என்ற வழக்கமான பதில் வேண்டாம். பதிலாள் இல்லாமலே விடுவிக்க எனக்கு ஆட்சேபனை இல்லை.

இப்படிக்கு,
கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் ஒருவர்