வாத்தியாருக்கு வால் உண்டு

கே: குதிரையேற்றம் கற்க எத்தனை நாள் ஆகும்? கார் ஓட்டவே முப்பது நாளில் சொல்லித் தருகிறார்களே!

ப: காருக்கு முதுகு வலிக்காது, அதனால் முப்பது நாள் போதும். வியன்னாவில் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது (ஸ்பெயின் பெயரில் மட்டும், பள்ளி ஆஸ்திரியாவில்). அங்கே புதிதாகச் சேர்பவருக்கு ஆரம்பத்தில் கடிவாளமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. ஆசிரியர் நீளமான கயிற்றைப் பிடித்து நடுவில் நிற்பார், குதிரை வட்டமடிக்கும், மாணவர் மேலே வெறுமனே உட்கார்ந்திருப்பார். உட்காரக் கற்பதற்கே பல மாதங்கள்! உதவிச் சவாரியாளர் ஆக நான்கு முதல் ஆறு ஆண்டுகள். பிறகு ஓர் இளங்குதிரையைத் தாமே முழுமையாகப் பழக்கிக் காட்டினால்தான் முழுச் சவாரியாளர்.

கே: கடிவாளத்தைக் கொடுப்பதில் அப்படியென்ன கஞ்சத்தனம்?

ப: தடுமாறுகிற ஆள் கையில் அகப்பட்டதைப் பிடித்துத் தொங்குவார். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதில்லையா? கம்பி பொறுத்துக்கொள்ளும். கடிவாளத்தின் மறுமுனை ஓர் உயிரின் வாயில் இருக்கிறது.

கே: குட்டியாக ஒரு குதிரை வாங்கி, அதுவும் நானுமாகச் சேர்ந்தே கற்றுக்கொண்டால் பாசம் வளருமே?

ப: நீச்சல் தெரியாத இருவர் கைகோத்துக் கிணற்றில் குதித்தாலும் பாசம் வளரும், கொஞ்ச நேரத்துக்கு. வியன்னாவில் கணக்கே வேறு. புது ஆளுக்குப் பழைய குதிரை. பழகிய ஆளுக்குப் புதுக் குதிரை. எல்லா வித்தையும் அறிந்த கிழட்டு ஆண் குதிரை மீது மாணவரை ஏற்றுவார்கள். அவர் இடுப்பையும் காலையும் சரியாக வைத்துக் கேட்டால் அது செய்யும். தப்பாகக் கேட்டால் செய்யாது. விடைத்தாள் அங்கேயே திருத்தப்பட்டுவிடும், மறுகூட்டலுக்கு வழியில்லை. அதனிடம் தேறியவர்தான் பிறகு இளங்குதிரைக்கு வாத்தியார்.

1939 முதல் 1964 வரை அந்தப் பள்ளிக்குத் தலைமை வகித்த அலோய்ஸ் போதாய்ஸ்கி, தாம் எழுதிய நூலின் தலைப்பிலேயே தம் குதிரைகளை ஆசிரியர்கள் என்கிறார். வெறும் பணிவு என்று எண்ண வேண்டாம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அவருக்கு வெண்கலம் வாங்கித் தந்த நீரோ, பந்தயத்துக்கு உதவாது என்று கழிக்கப்பட்ட குதிரை.

கே: அந்த இளங்குதிரைக்கே நான்கு வயதில்தான் பாடம் தொடங்குமாமே! அதுவரை சும்மா மேயவிட்டால் தீவனச் செலவு யார் கொடுப்பது?

ப: அவசரப்பட்டால் மருத்துவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். குதிரை சும்மா நிற்கும்போதே அதன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. மேலே ஆள் ஏறினால் முன்பாரம் இன்னும் கூடும். அதை மெல்ல மெல்லப் பின்னங்கால்களுக்கு மாற்றுவதுதான் பயிற்சியில் பெரும்பகுதி. அதற்குத் தசை வளர வேண்டும், எலும்பு முற்ற வேண்டும். முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயதாவது ஆகும். அதனால்தான் வியன்னாவில் நான்கு வயதில் தொடங்கும் பாடம் ஆறு ஆண்டுகள்வரை நீள்கிறது. அங்குள்ள லிப்பிசானர் குதிரைகள் கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆறிலிருந்து பத்து வயதுக்குள் வெளுக்கின்றன. பாடம் முடிவதற்குள் முடி நரைத்துவிடுகிறது. வாத்தியார்களுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

கே: நாம் நினைப்பது குதிரைக்குத் தெரியுமா?

ப: நினைப்பது தெரியாது, நினைக்கும்போது உடம்பு செய்வது தெரியும். பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை, கூட்டல் கணக்குக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை இம்மியளவு அசைவதைப் பார்த்துத்தான் அது நிறுத்தியது என்று 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்தார். தூரத்தில் நிற்பவரின் அசைவையே படிக்கிற பிராணி, முதுகில் பதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் படிக்காதா?

கே: குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாமே?

ப: குழிக்குச் சான்று இல்லை. தள்ளிய வழக்கில் பெரும்பாலும் மேலே இருந்தவரே முதல் குற்றவாளி.

கே: ஐம்பது வயதாகிறது. இனிமேல் ஏறலாமா?

ப: ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையேறினார். 2012 லண்டனிலும் ஏறினார், 71 வயதில். அடுத்த ஒலிம்பிக்குக்கும் போகலாமே என்றபோது, தம் குதிரைக்கு வயதாகிவிடுமே என்று கவலைப்பட்டார்.