ஈயநூல்: திணையும் வேகமும்

ஈயம் இரு திணைப்படும்: வெள்ளீயம், காரீயம். முன்னது மும்பை மாட்டுங்காவில் ரசம் கொதிக்கும் சொம்பு. பின்னது லாரி பாட்டரியில் உழைத்துக் களைத்து, தாராவி பங்கார் (பழைய சாமான்) கடைக்கு வந்து சேரும். இரண்டும் கலந்தது விரவுத்திணை. ரேடியோக்காரரின் சால்டர் கம்பியும் பழைய வேட்டைத் துப்பாக்கிக் குண்டும் அதில் அடங்கும்.

மாட்டுங்காவாசிக்குக் குண்டைப் பற்றி என்ன நூல் எனின், வனவிலங்குச் சட்டத்தால் வேட்டை முடிந்துபோனது. முடிந்துபோனதற்கு இலக்கணம் எழுதுவதே மரபு.

திணை அறியும் வழி எளிது. வெள்ளீயத்தை வளைத்தால் கிறீச்சென்று அழும். காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் கோடு விழும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-ல். கலந்தால் நடுவே எங்கோ உருகும் என்றுதானே நினைப்போம்? தக்க விகிதத்தில் கலந்தால் 183-லேயே உருகிவிடும். கூட்டுக்குடும்பத்தில் சூடு சீக்கிரம் ஏறும்.

இனி வேகத்தால் வகுப்போம். இருப்பது, உருள்வது, பறப்பது என மூன்று. இருப்பது சொம்பு. உருள்வது, செம்பூர் டயர் கடையில் சக்கர விளிம்பில் தட்டி மாட்டும் ஈயத் துண்டு; அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

பறப்பதில்தான் விஷயம் இருக்கிறது. துப்பாக்கிக் குழாயின் உள்ளே திருகுபோல வரிகள் ஓடும். குண்டு அவற்றைக் கவ்விச் சுழன்றால்தான் நேரே போகும். 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் குண்டு தூய காரீயம். மெத்தென்று விரிந்து வரியைக் கவ்வும். கூடவே கொழுப்புத் தடவினார்கள். அது யாருடைய கொழுப்பு என்பதில் 1857 சிப்பாய்க் கலகம் முதல் உரைவேறுபாடு உண்டு.

வேகம் கூடக் கூட மென்மையே வினையாகும். குண்டு வரியைக் கவ்வாமல், மரை தேய்ந்த திருகாணிபோல வழுக்கும். பின்னாலிருந்து தள்ளும் வாயு, இடுக்கில் புகுந்து குண்டின் ஓரத்தை அரிக்கும். குழாயெல்லாம் ஈயப்பூச்சு, அடுத்த குண்டு எங்கே போகும் என்று சுட்டவருக்கும் தெரியாது. ஈயம் பூசின மாதிரியும் பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்பது பாத்திரத்துக்குத்தான் பொருந்தும்.

ஆகவே வெள்ளீயம் சேர்த்தார்கள். 1871-இல் வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குண்டு, 12 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம்; எடை 31 கிராம், நொடிக்குச் சுமார் 400 மீட்டர், உடம்பில் காகிதச் சுற்று. வெள்ளீயம் கலந்தால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் ஓடி நிறையும். 20-க்கு 1 கலந்தாலே, பிரினெல் அளவில் 5 இருந்த கடினம் 10 அளவுக்கு ஏறும். அடியில் செம்புக் கிண்ணி ஒன்றும் மாட்டினால் வேகத்தை இன்னும் கூட்டலாம்.

அற்றேல், அச்சக எழுத்துலோகம் 22 அளவு கடினமாயிற்றே, அதையே வார்க்கலாகாதா எனின், வார்க்கலாம். ஆனால் அதில் ஆன்டிமனி மிகுதி. எலும்பில் பட்டால் நொறுங்கும். வெள்ளீயக் கலவையோ குடைபோல விரிந்தும் உடையாது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகை வேகத்தில் பட்டால் ஆழம் போகாமல் மேலேயே அப்பளமாகிவிடும்.

இதற்கெல்லாம் விடையாக ஸ்விட்சர்லாந்தின் ரூபின் 1882-இல் குண்டுக்குச் செம்புச் சட்டை போட்டார். சட்டைக் குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது என்று இந்திய எல்லைப்புறத்து பிரிட்டிஷ் பட்டாளம் முணுமுணுக்கவே, கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கேப்டன் பெர்ட்டி-கிளே மூக்குப் பக்கம் மட்டும் சட்டையை விலக்கினார். 1899-இல் ஹேக் மாநாடு அதைப் போரில் விலக்கிற்று. மனிதனுக்கு ஆகாதது புலிக்கு ஆகும் என்று வேட்டைக்கு விட்டுவிட்டார்கள்.

இருப்பதற்கும் ஒரு புறனடை உண்டு. போன மாதம் அத்தை ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டுப் பூ வாங்கப் போய்விட்டாள். வந்து பார்த்தால் பர்னரைச் சுற்றி வெள்ளிக் குளம். சுரண்டி எடுத்த துண்டை வளைத்தேன்; அழவில்லை. கரண்ட் பில்லின் பின்பக்கம் தேய்த்தேன். பென்சில் மாதிரி கோடு. சுத்த வெள்ளீயம் என்று சத்தியம் செய்து விற்ற சொம்பு, நாற்பது வருஷமாக விரவுத்திணை. புளி காரீயத்தைக் கரைக்கும், அது விஷம், அதன் உப்புகளில் சில இனிக்கக்கூடச் செய்யும் என்று விளக்கினேன்.

அத்தை துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அதானா அந்த ரசத்துக்கு அப்படி ஒரு ருசி!"