சால்னா வாளியும் சிநேகமும்

ஏலே, ஓட்டல்காரங்ககூட சிநேகம் பிடிக்கதுக்கும் இப்பம் செல்போன்ல பாடம் எடுக்கானாம்லா? மேனேஜர் பேரக் கேட்டு வச்சுக்கோ, கையக் குலுக்கு, மாஸ்டர்கூட நின்னு போட்டோ எடுன்னு. எதுக்குல இம்புட்டும்? ஓசியில ஒரு ஐஸ்கிரீம் வரும்னா?

இங்கன உக்காரு. சொல்லுதேன்.

தென்காசிப் பக்கம் ஒரு பரோட்டாக் கடைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாரு. வெந்த பரோட்டாவ அடுக்கி, சுடச்சுட ரெண்டு உள்ளங்கையாலயும் பக்கவாட்டுல அடிப்பாரு மாஸ்டர். அந்தக் கை என்ன இரும்பா? சப்ளையருக்கு ஒரு கையில அடுக்குன தட்டு, மறு கையில சால்னா வாளி. அந்நேரம் பாத்து அவர நிப்பாட்டி, 'ப்ரோ, இதுல என்ன மசாலா?'ன்னு கேக்கே. இது சிநேகமா? வழிமறிப்புல்லா!

கூட்டமில்லாத நேரமாப் போ. மத்தியானச் சாப்பாட்டுக் கடையா? 'அண்ணாச்சி, இன்னைக்கு என்ன நல்லாருக்கு?'ன்னு கேளு. கேட்டுட்டு மூஞ்சியப் பாரு. பழகுன மனுசன்னா, நீ மீன் குழம்புன்னு வாயெடுத்ததும் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, 'ஆம்லேட் சொல்லட்டா?'ம்பாரு. புரிஞ்சுக்கிடணும். 'நேத்து மீனு'ன்னு வாயத் தொறந்து சொன்னா அவரு பொழப்பு என்னாவும்? அந்த ஒத்தப் பார்வைய எந்த மேனேஜரும் கூப்பனுல அச்சடிச்சுத் தர மாட்டாரு.

சாம்பார்ல உப்பு கூடிட்டா, இருந்த எடத்துலயே மெதுவாச் சொல்லு. நீ என்ன செய்யுதே? எலைய வழிச்சுத் தின்னுட்டு, வீட்டுல போயி கால நீட்டி ஒத்த நட்சத்திரம் போடுதே! அதப் பாத்து மொதலாளி யாரப் பிடிப்பாரு? மாஸ்டரயா? மாஸ்டர் கோவிச்சுக்கிட்டுப் போனா கடையே படுத்துரும். அகப்படுதது எலை எடுக்க பையந்தான்.

பட்டணத்துப் பெரிய ஓட்டல்ல வேற கூத்து. பில்லுல ஜிஎஸ்டி போக 'சர்வீஸ் சார்ஜ்'னு ஒண்ணு ஒட்டிருப்பான். அது சர்க்காருக்குப் போற வரி இல்லல. அதக் கட்டாயமா வாங்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லிட்டு. ஓட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 மார்ச்சுல டெல்லி ஐகோர்ட்டும் ஆணையம் சொன்னது சரிதான்னுட்டு. அதனால எடுக்கச் சொல்லு, தப்பே இல்ல. ஆனா கல்லாவுல போய்ச் சொல்லு. சப்ளையர் சட்டையப் பிடிச்சு நியாயம் பேசாத, அவரா பில்லு போட்டாரு? மிஞ்சுன காசுல கொஞ்சத்த அவரு கையிலயே குடு. பில்லு அட்டைக்குள்ள சொருகுனா அது யாரு பைக்குப் போவும்னு யாரு கண்டா?

காசு மட்டும் போதுமா? கடையில வேலை பாக்கவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டம் வந்தாச்சு. சாப்பாட்டு நேரத்துல சப்ளையர் உக்காந்து நீ பாத்திருக்கியால?

சாப்ட்டு முடிச்சா எந்திரிச்சுக் கையக் கழுவு. வாசல்ல நாலு பேரு பசியோட நிக்காங்க. அவங்களும் தின்னு முடிச்சாத்தான் அந்தச் சப்ளையர் ஒரு வா சோறு திங்க முடியும்.